இஸ்திரி போட்ட குறுஞ்செய்திகள்

கடையில் பொருள் வாங்கிவிட்டு அட்டையை ஒரு சின்ன மெஷினில் தேய்க்கிறோம். மெஷின் ஒரு சீட்டைத் துப்புகிறது. நாம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். நம் பணம் வங்கியிலிருந்து கிளம்பிக் கடைக்காரர் கணக்கில் போய் உட்காரும்வரை அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது. அப்படியொரு கம்பெனியில்தான் அக்கா வேலை பார்த்தாள்.

அக்கா என்றால் எல்லாருக்கும் அக்காதான். கடைகளுக்கு மெஷின் மாட்டப் போகிறவர்கள், கணக்குப் பிரிவுக்காரர்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளி, எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் 'அலுவலக மேலாளர்' என்று போட்டிருக்கும். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. படிக்கட்டு பாதி ஏறித் திரும்புகிற இடத்தில், ஒரு ஜன்னலுக்கும் தீயணைப்பு உருளைக்கும் நடுவே மேஜை போட்டிருந்தார்கள். மேலே ஒரு முதலாளி, கீழே ஒரு முதலாளி. மேலே இருந்தவர் மாடி சார். வங்கிகளும் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பு. கீழே இருந்தவர் கீழ சார். கடைக்காரர்கள் அவர் பொறுப்பு. மாடி சாரின் கூடப்பிறந்த தங்கைதான் கீழ சாரின் மனைவி. ஆக மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். இதற்குமேல் வில்லங்கத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு கொட்டாவி. வங்கியிலிருந்து வந்தவர்கள் முன்னால் கீழ சார் திரையில் படம் போட்டுத் தொழிலை விளக்கிக்கொண்டிருந்தார். மாடி சார் கொட்டாவி விட்டார். சாதாரணக் கொட்டாவி இல்லை. கண்ணில் தண்ணீர் வர, வாயைக் கையால் மூடக்கூட மெனக்கெடாமல் விட்டார். வங்கிக்காரர்களில் இரண்டு பேருக்கு அது தொற்றிக்கொண்டது. கீழ சார் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனவர், அதன்பிறகு மாடிப்படி ஏறவில்லை. மாடி சாரும், கொட்டாவிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டால் தும்மலுக்கு என்ன செய்வது என்று வீம்பாக இருந்துவிட்டார்.

பேச்சை நிறுத்தலாம், தொழிலை நிறுத்த முடியுமா. அதனால் ஒரு ஏற்பாடு தானாக உண்டானது. மாடி சார் சொல்ல நினைப்பதை அக்காவின் போனுக்கு எழுதி அனுப்புவார். அக்கா அதைக் கீழ சாருக்கு அனுப்புவாள். கீழ சாரின் பதிலும் அதே வழியில் மேலே போகும். முதல் செய்தியை அக்கா வந்தது வந்தபடி தள்ளிவிட்டாள். கீழ சார் அதைப் படித்தார். உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நாற்காலி எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பாதிப் படியில் மூச்சு வாங்கியது. அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். அன்றிலிருந்து எந்தச் செய்தியையும் அவள் கசங்கலோடு அனுப்பியதில்லை. இஸ்திரி போட்டுத்தான் அனுப்பினாள்.

"கடைக்காரன் எவன் கூப்பிட்டாலும் அந்த மண்டு போன எடுக்குறதில்ல. காதுல என்ன அடைச்சு வெச்சிருக்கான்?" என்று மேலேயிருந்து வரும். "மாடி சார் சொல்லச் சொன்னார்: கடைக்காரர்கள் தங்களிடம் பேசவே மிகவும் விரும்புகிறார்கள். நேரம் கிடைக்கும்போது அழைப்பை எடுத்தால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும்" என்று கீழே போகும். "கொட்டாவி மன்னனுக்கு வேற சோலி இல்லையான்னு கேளு. எடுக்குறேன்னு சொல்லு" என்று கீழேயிருந்து வரும். "கீழ சார் தங்கள் ஆலோசனைக்கு நன்றி சொன்னார். அவ்வாறே செய்கிறார்" என்று மேலே போகும்.

இந்தக் கைவரிசை அவளுக்குப் புதிதில்லை. பிறந்த வீட்டில் அவள் நடுப்பிள்ளை. அப்பாவும் அம்மாவும் முறைத்துக்கொண்டால், உங்கப்பாகிட்டச் சொல்லு என்பார் இவர், உங்கம்மாகிட்டச் சொல்லு என்பார் அவர். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பதை அக்கா பல் விழுந்து முளைக்கிற வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். பசிதான் அவளுக்கு மொழிநடை கற்றுக்கொடுத்தது. வாய்த்த கணவரோ லிப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். போனிலும் "ம்" என்றே எழுதுவார். இஸ்திரி போட எதுவுமே இல்லாத மனுஷன். அதனால் அவள் திறமையெல்லாம் அலுவலகத்தில்தான் செலவானது.

நாளாக ஆக ஒரு வேடிக்கை நடந்தது. மச்சான் நேரில்தான் முரடு, எழுத்தில் மனுஷன் தங்கம் என்று கீழ சார் தன் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு எழுத்தில் இருக்கிற பணிவு ஆளிடம் இல்லையே என்று மாடி சார் கணக்குப் பிரிவில் ஆதங்கப்பட்டார். ஆனாலும் நேரில் பார்த்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுத்தில் அவ்வளவு நல்லவன் நேரில் வந்து ஒரு வார்த்தை பேசினால் என்ன என்பது இரண்டு பேருக்கும் ஒரே கோபம்.

வேலை கூடக்கூட அக்கா ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டாள். மாடி சார் எப்போதும் விஷயத்தை முதலில் எழுதுவார், கடைசி வரியில் திட்டுவார். கீழ சார் முதல் வரியில் திட்டிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவார். அதனால் மேலேயிருந்து வருவதற்கு வாலை வெட்டுவாள், கீழேயிருந்து வருவதற்குத் தலையை வெட்டுவாள். மிச்சத்துக்கு இஸ்திரி போடுவாள். பல நாள் வெட்டின துண்டைப் படிப்பதுகூட இல்லை. படித்துத்தான் என்ன, மண்டு, தண்டம், வெட்டி, இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும்.

அந்த வால்தான் அவள் கழுத்தைப் பிடித்தது.

கீழ சாருக்குப் புதிய வங்கி ஒன்றின்மேல் ஆசை வந்திருந்தது. எல்லாக் கடைகளின் மெஷின்களையும் அந்த வங்கிக்கு மாற்றிவிட்டால் கமிஷன் கம்மி என்றார்கள். மச்சானிடம் சம்மதம் கேட்கச் சொல்லி எழுதினார். அக்கா தலையை வெட்டி மேலே அனுப்பினாள். மேலேயிருந்து பதில் வந்த நேரத்தில் அவள் ஒரு காதில் லேண்ட்லைனை வைத்துக்கொண்டு, மெஷினில் சீட்டுச் சுருள் மாட்டத் தெரியாத ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாடி சார் அன்றைக்குப் பார்த்துத் திட்டை முதலில் எழுதியிருந்தார். "எப்பப் பாத்தாலும் என் உயிர வாங்கிக்கிட்டு. என்னத்தையோ பண்ணித் தொலையட்டும். ஆனா பேங்க மட்டும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிடு."

அக்கா வாலை வெட்டினாள்.

"மாடி சார் சொல்லச் சொன்னார்: தங்கள் விருப்பப்படியே செய்யலாம். தங்கள் முடிவில் அவருக்கு முழு நம்பிக்கை உண்டு." முழு நம்பிக்கை என்பது அவள் சொந்தச் சரக்கு. சும்மா மடிப்பு நன்றாக விழட்டும் என்று சேர்த்தது.

மாடி சாரிடம் மறுபடி கேட்காமல் கீழ சாரின் ஆட்களே கடை கடையாகப் போய் மாற்றினார்கள். மாற்றின அன்றைக்கு, கடைகளில் கூட்டம் நெரிகிற நாளாகப் பார்த்து, அத்தனை மெஷினும் செத்துப்போயின. அட்டையைத் தேய்த்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர்கள் போனில் கத்தினார்கள், பிறகு நேரில் வந்து கத்தினார்கள். பெட்ரோல் பங்க்காரர் மெஷினையே கழற்றிக்கொண்டுவந்து காவலாளி மடியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குள் பெரிய பெரிய கடைகளெல்லாம் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டன. மாடி சார் வழக்குப் போட்டார். என் சம்மதம் இல்லாமல் வங்கியை மாற்றிக் கம்பெனியைக் குட்டிச்சுவராக்கிவிட்டான், நஷ்டத்தை அவன் பங்கிலிருந்து கொடுக்கவேண்டும் என்பது வழக்கு. கீழ சார் போனைத் திறந்து, "முழு நம்பிக்கை உண்டு" என்ற வரியைப் பெரிதாக அச்செடுத்துக் கோர்ட்டில் கொடுத்தார். மாடி சாரின் வக்கீல், "மாத்தக் கூடாது" என்ற வரியை அதைவிடப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நீதிபதி, இந்த இரண்டுக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். நடுவில் இருந்தவளின் போனைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது.

அக்காவுக்கு விஷயம் மெஷின்கள் செத்த அன்றைக்கே தெரியும். போனைத் திறந்து, தான் வெட்டிய வாலை அன்றுதான் முழுதாகப் படித்தாள். அப்போதே மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம், வேறென்ன. ஊரான் பணம் கைமாறுகிற தொழில் இது. இங்கே ஒருத்திக்குப் பொய்க்காரி என்று பெயர் விழுந்தால், அந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்கவிடாது. வேறு வேலையும் அவளுக்குத் தெரியாது.

போனை ஒப்படைக்கவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லூரியில் படிக்கிற மகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பேசாம எல்லாத்தையும் அழிச்சிடு. போன் தண்ணில விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

அக்கா போனைக் கையில் எடுத்தாள். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்போமே என்று பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். படிக்கப் படிக்க, பயத்தை மீறி அவளுக்கு ஒரு பெருமை வந்தது. எவ்வளவு கேவலமான வார்த்தைகளை எவ்வளவு லட்சணமாக்கியிருக்கிறோம். ஒரு இடத்தில் 'எருமை' என்பதைத் 'தங்கள் பொறுமை' என்று மாற்றியிருந்தாள். வாழ்க்கையில் அவள் ஒழுங்காக எழுதியது இவ்வளவுதான். இதையும் அழித்துவிட்டால் நடுவில் ஒருத்தி இருந்தாள் என்பதற்கே அடையாளம் இருக்காது.

"அழிக்கட்டுங்களா?" என்று கணவரைக் கேட்டாள். அவர் மேஜைவிசிறியைப் பிரித்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். வீட்டில் "ம்" தவிர வேறு வார்த்தை வந்ததே பெரிய விஷயம். அக்கா போனை ஒரு காகித உறையில் போட்டு ஒட்டினாள். அதன்பிறகு ஒரு பாடு அழுதாள்.

கோர்ட்டு அவள் நினைத்ததுபோல் இல்லை. சின்ன அறை, நெருக்கமாகப் போட்ட பெஞ்சுகள், சுவரில் ஈரம் ஊறின தடம். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, யார் பேசினாலும் பல்வலிக்காரர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பெஞ்சின் இந்த ஓரத்தில் மாடி சார், அந்த ஓரத்தில் கீழ சார், பக்கத்தில் அவர் மனைவி. நடுவில் நாலு பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

வழக்கு எங்கே நிற்கிறது என்பதை நீதிபதி முதலிலேயே எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டார். "இந்த அம்மா வழக்குப் போட்டவருக்கு வாயா இருந்து எழுதினாங்கன்னா, அந்தச் சம்மதம் அவர் கொடுத்ததுதான். வழக்கு நிக்காது. இவங்க இஷ்டத்துக்கு எழுதினாங்கன்னா, சம்மதமே கிடையாது. அப்ப இவங்க செஞ்சதுக்கு இவங்கதான் பதில் சொல்லணும்." சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தாள்.

பிறகு செய்திகளை ஜோடி ஜோடியாகப் படிக்கச் சொன்னார்கள். முதலில் வந்தது, அடுத்து அவள் அனுப்பியது. படித்தவர் கோர்ட்டு எழுத்தர். ரயில் அறிவிப்பு செய்கிற குரலில், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் படித்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வந்தது: கொட்டாவி மன்னன்கிட்டச் சொல்லு, ஏசியில உக்காந்து அடைகாத்தது போதும், ஒரு நாளாவது வெயில்ல கடை கடையா ஏறி எறங்கச் சொல்லு. அனுப்பியது: கீழ சார் தங்களைக் கடைகளுக்கு நேரில் அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறார். தாங்கள் வந்தால் கடைக்காரர்கள் மகிழ்வார்கள்."

மாடி சார் நிமிர்ந்தார். அந்தச் செய்தியை நம்பி அவர் ஒரு நாள் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தடவி, கடைகளுக்குப் போய் நின்றவர். மாப்பிள்ளை அழைத்திருக்கிறாரே என்று வீட்டில் சொல்லிவிட்டு வேறு போயிருந்தார்.

"இதுல 'மகிழ்வார்கள்' எங்கேருந்து வந்துச்சு?" என்று நீதிபதி கேட்டார்.

"அது நான் சேத்ததுங்க அம்மா. முதலாளி வந்தா சந்தோஷப்படத்தானே செய்வாங்க."

"பட்டாங்களா?"

"மெஷின் காசு கேக்க வந்திருக்காருன்னு பாதிப் பேர் கடைய மூடிட்டாங்க."

எழுத்தர் அடுத்ததைப் படித்தார். "வந்தது: கீழ இருக்குற தண்டத்துக்கு ஒரு மெயில் ஒழுங்கா எழுதத் துப்பில்ல, பேங்குக்காரன் என்னப் பாத்துச் சிரிக்கிறான். அனுப்பியது: தங்கள் கடிதங்களை வங்கியில் அனைவரும் ரசித்துப் படிக்கிறார்கள் என்று மாடி சார் தெரிவித்தார்." கீழ சாரின் காதுமடல் சிவந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்துதான் அவர் மெயில்களை இரண்டு பக்கம் எழுத ஆரம்பித்திருந்தார். பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் ஒரு வசவைப் பாதியில் நிறுத்திவிட்டு, இதை அப்படியே அடிக்கலாமா என்று நீதிபதியைக் கேட்டாள். "அப்படியே அடிம்மா. இங்கயாவது அப்படியே இருக்கட்டும்" என்றார் நீதிபதி.

மாடி சாரின் வக்கீல் எழுந்தார். இளைஞர், கெட்டிக்காரர், அது அவருக்கும் தெரியும். "இவங்க தபால்காரர் இல்லைங்க, தபாலையே எழுதுறவங்க. வசவு உள்ள போனா வாழ்த்து வெளிய வருது. இவங்க எழுதினத என் கட்சிக்காரர் சொன்னதா எப்படி எடுத்துக்க முடியும்?" என்றார். கீழ சாரின் வக்கீல் வயதானவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இவ்வளவு காலமும் கம்பெனியே இதுலதானே ஓடிச்சு. அப்பல்லாம் இனிச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

இளைஞர் சிரித்தார். கையில் ஒரு தாளை எடுத்தார். "மத்ததுக்கெல்லாம் ஜோடி இருக்கு. இதுக்கு மட்டும் ஜோடி இல்ல. எதிர்க்கட்சிக்காரர் இதய ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப இவங்ககிட்டேருந்து போனது. படிக்கிறேன். 'மாடி சார் சொல்லச் சொன்னார்: கம்பெனியை நான் பார்த்துக்கொள்கிறேன். எதையும் யோசிக்காதீர்கள். நீங்கள் இல்லாமல் கீழ்த்தளம் வெறிச்சோடிக் கிடக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை. சீக்கிரம் வந்து சேருங்கள்.' இவ்வளவுதான். இதுக்கு முன்னால என் கட்சிக்காரர் போன்லேருந்து இவங்களுக்கு ஒரு எழுத்துகூட வரல." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இத அவர் சொன்னாரா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அக்கா கீழ சாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள். தையல் போட்ட நெஞ்சோடு படுத்திருந்தபோது இந்தச் செய்தியை அவர் நர்சுகளுக்கெல்லாம் காட்டினார் என்று அக்காவுக்குத் தெரியும். இப்போது இல்லை என்று சொன்னால் அந்த மனுஷனிடமிருந்து அது போய்விடும். ஆமாம் என்று சொன்னால் செய்த சத்தியம் பொய். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வார்த்தையை மாற்றிப்போடத் தெரியவில்லை.

"சொல்லலைங்க" என்றாள்.

கீழ சார் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் தாளை மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் இருங்க சார், முடிக்கல" என்றாள் அக்கா. "அன்னைக்கு மாடி சார் எறங்கி என் மேஜைகிட்ட வந்தார். கீழ ஏன் இருட்டா இருக்குன்னு கேட்டார். சார் ஆஸ்பத்திரில இருக்காருல்ல, அதான்னேன். தெரியும்னார். ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னார். போயிட்டார். மறுபடி எறங்கி வந்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தார், சொல்லல. அப்புறமும் ஒரு தடவ வந்தார். என்ன சார்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னார். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. நான் அந்த ஒண்ணுமில்லயத்தாங்க எழுதி அனுப்பினேன்."

இளைஞர்தான் முதலில் சுதாரித்தார். "ஆக, அவர் சொன்னது ஒண்ணுமில்ல. இவங்க எழுதினது இத்தன வரி. இதுக்குமேல சாட்சி எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு, ஜெயித்த களிப்போடு உட்கார்ந்தார்.

அவர் உட்கார, மாடி சார் எழுந்தார்.

"அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

"எதை?" என்றார் நீதிபதி.

"அந்தம்மா எழுதினத. எனக்கு வாய் வரல. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க."

வக்கீல் அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "சார், உக்காருங்க சார். என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க வாயத் திறக்காதப்பவும் உங்களுக்காக இந்த அம்மா எழுதலாம், அது உங்க வார்த்தைதான்னு ஒத்துக்கிட்டா, பேங்க மாத்தச் சொன்னதும் உங்க வார்த்தைதான். உங்க வழக்குல ஒண்ணும் மிச்சம் இருக்காது. இவங்க உங்க சார்பா எழுதலாமா, கூடாதா?"

மாடி சார் வக்கீலைப் பார்த்தார். அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். தங்கையின் கணவரை மட்டும் பார்க்கவில்லை.

"எழுதலாம்."

இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதியவர் கோப்பை மெதுவாக மூடினார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்து நீளமாக எழுதிவிட்டு, கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார். "நீங்க ஒரு வரிய வெட்டினதுல எத்தனையோ கடைக்காரங்க ஒரு நாள் பொழப்பு போச்சு. அது தப்பு. நல்ல மனசோட செஞ்சாலும் தப்புதான். இனிமே எதையும் வெட்டாம, ஒட்டாம அனுப்புங்க." அக்கா தலையாட்டினாள். திட்டுத்தான், ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

வெளியே நடைபாதையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூன்று பேரும் எப்படியோ ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டார்கள். வக்கீல்கள் கையெழுத்துக்காக உள்ளே நின்றார்கள், கீழ சாரின் மனைவி ஆட்டோ பார்க்கப் போயிருந்தாள். மாடி சார் குழாயைப் பார்த்து நின்றார். கீழ சார் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா பழக்கதோஷத்தில் நடுவில் நின்றாள்.

"அம்மா, அவர்கிட்டச் சொல்லு" என்று கீழ சார் ஆரம்பித்தார்.

"போன் கோர்ட்டுல இருக்குங்க சார்."

"வாயாலதான் சொல்லேன்."

"வெட்டாம ஒட்டாமச் சொல்லணும்னு உத்தரவு. எனக்கு அது வராது சார். நீங்களே சொல்லிடுங்க."

கீழ சார் சுவரிலிருந்து மெல்லத் திரும்பினார். "ஆஸ்பத்திரில அத நான் தெனமும் படிச்சேன், மச்சான்" என்றார்.

"நானே எழுதியிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது, மாப்ள" என்றார் மாடி சார். ஒருவர் குழாயைத் திறந்தார், மற்றவர் முகம் கழுவினார்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. அதோடு பயமும் திரும்ப எட்டிப்பார்த்தது. இவர்கள் சேர்ந்துவிட்டார்கள், சரி. நடுவில் இருந்தவள் இனி எதற்கு. கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது.

"சார், நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா?"

மாடி சார் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன மண்டையில ஒண்ணுமே இல்லையா? இருக்குற கடையும் நம்மள விட்டுட்டு ஓடிக்கிட்டு இருக்கு, எவன் போன எடுக்குறது? லேட்டா வந்து பாரு, அப்புறம் தெரியும்."

இவ்வளவு வருஷத்தில் அவர் அவளுக்கென்று நேராகத் திட்டியது இதுதான் முதல் தடவை. அக்கா அதில் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. வந்தது வந்தபடியே வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தாள்.